கியூஜிஐஎஸ்-ல் தோட்டத்து எல்லை வரைவது: ஸ்னாப்பிங், அளவுப் பூட்டு, புலப்படத்து அளவுகள்

ஒரு பொழிக்கு, அதாவது எல்லை வரப்புக்கு, இரண்டு பக்கமும் இரண்டு தோட்டம். மண்ணில் பொழி ஒன்றுதான். திரையில் வரையும்போது அதையே இரண்டு தடவை வரைந்துவிடுகிறோம்: இந்தத் தோட்டத்துக்கு ஒரு தடவை, பக்கத்துத் தோட்டத்துக்கு இன்னொரு தடவை. இரண்டாவது தடவை கை சற்று விலகினால் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு கீற்று உண்டாகும். எதிர்ப்பக்கம் விலகினால் ஒரே மண் இரண்டு பேர் கணக்கில் ஏறும். 100 மீட்டர் பொழியில் அரை மீட்டர் விலகல் என்றால் 50 சதுர மீட்டர், அதாவது ஒன்றேகால் சென்ட். பெருந்துறைப் பக்கம் ஒன்றேகால் சென்ட் என்ன விலை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதைத் தடுக்க, கணினியில் நிலப்படம் வரையும் மென்பொருளான கியூஜிஐஎஸ்-ல் இரண்டு வசதிகள் உண்டு. கர்சர் ஏற்கெனவே உள்ள முனையிலோ கோட்டிலோ போய் ஒட்டிக்கொள்வது ஸ்னாப்பிங். இத்தனை மீட்டர், இத்தனை டிகிரி, இந்தக் கோட்டுக்குச் செங்குத்து என்று கர்சரைக் கட்டிப்போடுவது அளவுப் பூட்டு. கீழே உள்ளவை 3.22-க்குப் பிந்தைய பதிப்புகளில் அப்படியே வேலை செய்யும். மெனு ஆங்கிலத்தில் இருக்கும் என்று கொண்டு, பெயர்களை ஒலிபெயர்த்தே கொடுத்திருக்கிறோம்.

வரைவதற்கு முன்: எந்த ஜோன்?

பாதிப் பேர் தவறுவது இங்கேதான், அதுவும் ஒரு கோடுகூடப் போடுவதற்கு முன்பே. காலியான ப்ராஜெக்டில் முதலில் செயற்கைக்கோள் படத்தைக் கொண்டுவந்தால், ப்ராஜெக்ட் தானாகவே ஈபிஎஸ்ஜி 3857-க்கு மாறிவிடும் (நிலத்தைத் தாளில் விரிக்கும் ஒவ்வொரு ஆய முறைக்கும் உள்ள அடையாள எண்தான் ஈபிஎஸ்ஜி). அதில் ஒரு அலகை ஒரு மீட்டர் என்று நம்பக் கூடாது. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக அது நிலத்தை இழுத்துப் பெரிதாகக் காட்டும். நம் 11 டிகிரி அட்சரேகையில் கிழக்கு மேற்காக ஏறக்குறைய 1.9 சதவீதம், வடக்கு தெற்காக 2.5 சதவீதம். அளவுப் பூட்டில் 100 என்று அடித்து வரைந்தால் தரையில் அது 98 மீட்டர் சொச்சம்தான். ஒரு ஏக்கர் என்று நினைத்து வரைந்தது தரையில் 96 சென்ட் கூட இருக்காது.

அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியில் உள்ள ஈபிஎஸ்ஜி 4326-ஐ வைத்திருந்தால் இன்னொரு சிக்கல். அளவுப் பூட்டுப் பேனலே வேலை செய்யாது, எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். ஒரு வகையில் அது நல்லது. 3857-தான் எச்சரிக்காமல் ஏமாற்றும்.

நமக்கு வேண்டியது யூடிஎம், அதாவது உலகை ஜோன் எனும் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை. கோவை, திருப்பூர், ஈரோடு, கோபி, தாராபுரம் எல்லாம் 43ஆம் ஜோன், அதாவது ஈபிஎஸ்ஜி 32643. கரூரும் நாமக்கல்லும் சேலமும் 44ஆம் ஜோன், ஈபிஎஸ்ஜி 32644. இரண்டையும் பிரிக்கும் 78 டிகிரி தீர்க்கரேகை கொங்கு நாட்டின் நடுவே ஓடுகிறது. கொடுமுடி 43-ல் இருக்கும், அங்கிருந்து கிழக்கே கரூர் 44-ல் போய்விடும். வேலை எல்லைக்கோட்டுக்கு இருபுறமும் பரவியிருந்தால் பெரும்பகுதி எந்தப் பக்கமோ அந்த ஜோனை எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதிலேயே வரையுங்கள். பாதி லேயர் (ஒரே வகை உருவங்களை அடக்கிய படத்தாள்) ஒரு ஜோனிலும் பாதி மற்றொன்றிலும் இருப்பதுதான் பெரிய தொல்லை: திரையில் ஒட்டியது போலத் தெரியும் முனைகள், மாற்றும் கணக்கில் நூலிழை விலகியே சேமிக்கப்படும்.

கீழ் வலது மூலையில் உள்ள ஈபிஎஸ்ஜி எண்ணைச் சொடுக்கி ப்ராஜெக்டை மாற்றுங்கள். புது லேயரைத் திறக்கும்போதே ஜியோபேக்கேஜ் (கோப்பு வகை), பாலிகன் (மூடிய உருவம்), அதே ஈபிஎஸ்ஜி என்று கொடுங்கள். கைபேசியிலிருந்து வந்த கேஎம்எல் கோப்பின் மேலேயே திருத்தாதீர்கள். எக்ஸ்போர்ட் செய்து 32643-ல் ஜியோபேக்கேஜாக மாற்றிக்கொண்டு பிறகு தொடுங்கள்.

ஸ்னாப்பிங் டூல்பார்

வியூ மெனுவில் டூல்பார்ஸ், அதில் ஸ்னாப்பிங் டூல்பார். காந்தப் படம் போட்ட பொத்தான்தான் மொத்தத்துக்கும் சுவிட்ச். வரைந்துகொண்டிருக்கும்போது எஸ் விசையைத் தட்டினால் காந்தம் அணையும், மறுபடி தட்டினால் வரும். வேலிக்கு நடுவே உள்ள மரத்தையோ ஆழ்குழாய்க் கிணற்றையோ புள்ளி வைக்கும்போது அணைத்துக்கொள்வது நல்லது.

காந்தத்துக்குப் பக்கத்தில் எந்த லேயரில் ஒட்ட வேண்டும் என்று கேட்கும். ஆல் லேயர்ஸ் என்று விட்டால் சாலை, மின்கம்பம், பழைய பிரதி என எல்லாவற்றிலும் ஒட்டும். அட்வான்ஸ்டு கான்ஃபிகரேஷன் எடுத்துக்கொண்டு லேயர் வாரியாகத் தேர்ந்தெடுங்கள். தோட்டங்களுக்கு வெர்டெக்ஸும் (முனை) செக்மென்ட்டும் (கோடு), சர்வே கற்கள் உள்ள புள்ளி லேயருக்கு வெர்டெக்ஸ் மட்டும், வாய்க்கால் லேயருக்கு செக்மென்ட்டும் லைன் எண்ட்பாயிண்ட்ஸும். ஏரியா, சென்ட்ராய்டு இரண்டையும் எல்லை வரையும்போது தொட வேண்டாம்.

எதில் ஒட்டியிருக்கிறது என்பதைக் கர்சர் குறியே சொல்லும். சிறு சதுரம் வந்தால் முனை. இரண்டு முக்கோணம் மூக்கோடு மூக்கு ஒட்டிய மணற்கடிகாரம் மாதிரி வந்தால் கோட்டின் நடுவே எங்கோ ஓரிடம். பெருக்கல் குறி வந்தால் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம். ஸ்னாப்பிங் ஆன் இன்டர்செக்ஷன் ஆன் செய்திருந்தால்தான் அது வரும். முச்சந்திக் கல்லில் சொடுக்கும்போது சதுரம் வந்ததா என்று பார்த்துச் சொடுக்குங்கள். மணற்கடிகாரம் வந்த இடத்தில் சொடுக்கினால் கல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு முனை விழும். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

டாலரன்ஸ்: 12 பிக்சல் என்றால் எத்தனை மீட்டர்?

எவ்வளவு தூரத்துக்குள் வந்தால் கர்சர் ஒட்ட வேண்டும் என்பதுதான் டாலரன்ஸ். தொடக்கத்தில் அது 12 பிக்சல் என்று இருக்கும். பிக்சல் என்பது திரையின் அளவு, நிலத்தின் அளவு அல்ல. வழக்கமான திரையில் ஒரு பிக்சல் கால் மில்லிமீட்டர் சொச்சம். படம் 1:500-ல் இருந்தால் 12 பிக்சல் 1.6 மீட்டர். 1:1000-ல் 3.2 மீட்டர். 1:5000-க்கு விலகிப் பார்த்தால் 16 மீட்டர்.

ஒரு இட்டேரியை நினைத்துக்கொள்ளுங்கள். இருபுறமும் கிளுவை வேலி, நடுவில் வண்டி போகும் அளவுக்கு நாலைந்து மீட்டர். 1:5000-ல் இந்த வேலியை வரையப் போனால் கர்சர் தாராளமாக எதிர் வேலியில் ஒட்டும். முனை, கோடு இரண்டும் எல்லைக்குள் இருந்தால், கோடு பக்கத்தில் இருந்தாலும் முனையைத்தான் கியூஜிஐஎஸ் விரும்பும் என்பதால் நிலைமை இன்னும் மோசமாகும். இட்டேரி ஓரிடத்தில் காணாமல் போய், தோட்டம் எதிர்த் தோட்டத்தோடு ஒட்டிக்கிடக்கும்.

1:1000-க்கு மேல் விலகிப் பார்த்துக்கொண்டு எல்லை வரையாதீர்கள். இட்டேரி உள்ள ஊராக இருந்தால் டாலரன்ஸைப் பிக்சலிலிருந்து மீட்டருக்கு மாற்றி 1 என்று வைத்துவிடுங்கள். அதன்பின் எவ்வளவு விலகினாலும் கிட்டினாலும் ஒரு மீட்டருக்குள்தான் ஒட்டும்.

டோபோலாஜிக்கல் எடிட்டிங்கும் ஓவர்லேப் தவிர்ப்பும்

ஸ்னாப்பிங் மட்டும் ஆன் செய்தால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். போதாது. பக்கத்துத் தோட்டத்தின் நீளமான பொழியில் நடுவே ஓரிடத்தில் உங்கள் மூலை ஒட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பாலிகனில் அங்கே முனை உண்டு, பக்கத்துப் பாலிகனில் இல்லை, வெறும் கோடுதான். கணினி அந்தப் புள்ளியைத் தசமக் கணக்கில் சுருக்கிச் சேமிக்கும்போது அது கோட்டின் மேல் துல்லியமாக விழாது, மயிரிழை இப்படியோ அப்படியோ போகும். நாளை யாராவது அந்தப் பொழியின் ஒரு முனையை நகர்த்தினால் அங்கே ஒரு முக்கோணக் கீற்று திறக்கும்.

டூல்பாரில் டோபோலாஜிக்கல் எடிட்டிங்கை ஆன் செய்தால், நீங்கள் ஒட்டும் இடத்தில் பக்கத்துப் பாலிகனிலும் ஒரு முனை சேரும். பிறகு வெர்டெக்ஸ் டூலால் இழுத்தால் இரண்டும் சேர்ந்தே நகரும். ஒரு பொழி மண்ணில் எப்படி இரண்டு தோட்டத்துக்கும் பொதுவோ, படத்திலும் அப்படியே ஆகிவிடும். இரண்டு தோட்டமும் வெவ்வேறு லேயரில் இருந்தால் இரண்டு லேயரும் எடிட் நிலையில் இருக்க வேண்டும்.

அதே டூல்பாரில் அவாய்டு ஓவர்லேப் ஆன் ஆக்டிவ் லேயர் என்று ஒன்று. இது சோம்பேறிகளுக்கான வரம். புதுத் தோட்டத்தை வரையும்போது பொதுப் பொழியைத் தாண்டிப் பக்கத்துத் தோட்டத்துக்குள் அலட்சியமாகச் சொடுக்கிவிட்டு முடியுங்கள். மேலே விழுந்த பகுதியை அதுவே வெட்டிவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: உள்ளே ஏற்கெனவே ஒரு கிணற்றுப் பாலிகன் அதே லேயரில் இருந்தால், தோட்டத்தில் அந்த அளவுக்கு ஓட்டை விழும், பரப்பும் குறையும். கிணறு, களம், சாளை எல்லாம் தனி லேயரில் இருக்கட்டும்.

புலப்படத்து அளவை அப்படியே வரைவது

எஃப்எம்பி என்று நாம் சொல்லும் புலப்படத்தில் ஜி லைன் என்று அடிக்கோடுகள் இருக்கும். கல்லுக்குக் கல் சங்கிலி பிடித்து, கோட்டின் மேல் இத்தனை மீட்டரில் நின்று, செங்குத்தாக இத்தனை மீட்டர் போனால் எல்லை வளைவு என்று எழுதியிருப்பார்கள். அந்தச் செங்குத்து அளவுதான் ஆஃப்செட். அட்வான்ஸ்டு டிஜிடைசிங் பேனலின் அளவுப் பூட்டு செய்வதும் இதே வேலைதான். புலப்படத்தை ஸ்கேன் செய்து, ஜியோரெஃபரன்ஸ் செய்து (தரையில் உள்ள இடத்தோடு பொருத்தி), அதன் மேல் மவுஸால் தடவி வரைவதைவிட எண்களை அடித்து வரைவது பல மடங்கு துல்லியம். நகல் எடுத்த தாள் நீண்டும் சுருங்கியும் இருக்கும், எண் மாறாது.

ஒரு சிறிய உதாரணம். ஜி லைன் 120 மீட்டர், கல் அ-விலிருந்து கல் ஆ வரை. அ-விலிருந்து 45 மீட்டரில் இடப்பக்கம் 18.6 மீட்டர் ஆஃப்செட். 84 மீட்டரில் அதே பக்கம் 22.4. வலப்பக்கம் ஜி லைனே எல்லை.

முதலில் இரண்டு கற்களும் தரையில் எங்கே என்பது தெரிய வேண்டும். ஜிபிஎஸ் அளவை எடுத்துப் புள்ளி லேயரில் போடுங்கள். செயற்கைக்கோள் படத்தை மட்டும் பார்த்துக் கல்லை ஊகிக்காதீர்கள். படமே சில மீட்டர் தள்ளி இருக்கக்கூடும். பிறகு தற்காலிகக் கோட்டு லேயர் ஒன்றில் அ-விலிருந்து ஆ-வுக்கு ஒட்டவைத்து ஜி லைனைப் போடுங்கள். அதன் நீளம் 120-க்கு அரை மீட்டருக்கு மேல் கூடக் குறைய வந்தால் அங்கேயே நிறுத்துங்கள், ஜிபிஎஸ் புள்ளி சரியில்லை. வித்தியாசம் அதற்குள் இருந்தால் அ-வை நிலையாக வைத்து, ஆ-வின் திசையை மட்டும் எடுத்துக்கொண்டு, 120 என்று பூட்டிக் கோட்டை மறுபடி வரையலாம். அப்போது கடைசி முனையாகக் கொள்ள வேண்டியது இந்தக் கோட்டின் நுனி, ஜிபிஎஸ் புள்ளி அல்ல.

இனிப் பேனல். கண்ட்ரோலும் 4-ம் சேர்த்து அழுத்தினால் வரும். தோட்ட லேயரை எடிட் நிலைக்குக் கொண்டுவந்து, ஆட் பாலிகன் எடுத்து, பேனலின் முதல் பொத்தானை ஆன் செய்யுங்கள். ஜி லைன் லேயருக்கு வெர்டெக்ஸும் செக்மென்ட்டும் ஸ்னாப்பிங் ஆன் ஆக இருக்கட்டும்.

1. அ கல்லில் சதுரம் வரும்போது சொடுக்குங்கள். முதல் முனை.

2. சி விசையைத் தட்டுங்கள். இது கட்டுமான நிலை. இதில் சொடுக்குவது முனையாக விழாது, அடுத்த அளவுக்கு ஆதாரப் புள்ளியாக மட்டும் நிற்கும்.

3. பி விசையை இரண்டு தடவை தட்டுங்கள். ஒரு தடவை தட்டினால் செங்குத்து, இரண்டாவது தடவை இணை. இப்போது ஜி லைனைச் சொடுக்கினால் கர்சர் அதன் திசையில் மட்டுமே நகரும்.

4. டிஸ்டன்ஸின் முதல் எழுத்தான டி-யைத் தட்டி 45 அடித்து என்டர். கர்சரை ஆ பக்கம் வைத்துச் சொடுக்குங்கள். கர்சர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் அளவு போகும் என்பதால், ஆ-வுக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் 45 மீட்டர் பின்னால் போய்விடும்.

5. சி-யைத் தட்டிக் கட்டுமான நிலையை அணையுங்கள். பி ஒரு தடவை, ஜி லைனைச் சொடுக்கல், டி, 18.6, என்டர். கர்சரை இடப்பக்கம் கொண்டுபோய்ச் சொடுக்குங்கள். இரண்டாவது முனை.

6. மறுபடி சி. இந்தத் தடவை அ கல்லையே சொடுக்கி ஆதாரமாக எடுத்து, இணை, 84, சொடுக்கல். சி அணைத்து, செங்குத்து, 22.4, சொடுக்கல். மூன்றாவது முனை.

7. ஜி லைனின் ஆ நுனியில் ஒட்டவைத்துச் சொடுக்கி, வலது பொத்தானால் முடியுங்கள்.

ஆறாவது படியில் 45-லிருந்து 39 மீட்டர் என்று கழித்துப் போகாமல் மறுபடி அ-விலிருந்தே 84 எடுத்ததைக் கவனித்திருப்பீர்கள். புலப்படத்தில் ஜி லைன் மேல் உள்ள எண்கள் தொடக்கக் கல்லிலிருந்து ஓடும் எண்கள். துண்டு துண்டாகச் சேர்த்தால் ஒரு துண்டில் செய்த தவறு அதற்குப் பின் வரும் எல்லா முனையையும் தள்ளிவிடும்.

பழைய படத்தில் அளவு லிங்க்ஸில் (சங்கிலிக் கண்ணிகளில்) இருந்தால் கால்குலேட்டரைத் தேட வேண்டாம். டிஸ்டன்ஸ் பெட்டியிலேயே 225*0.201168 என்று அடித்தால் அதுவே பெருக்கிக்கொள்ளும். அடிக்கு 0.3048.

வரைந்த பரப்பைக் கையாலும் சரிபார்க்கலாம். முதல் முக்கோணம் 45 × 18.6 ÷ 2 = 418.5. நடுவில் உள்ள சரிவகம் 39 × 20.5 = 799.5. கடைசி முக்கோணம் 36 × 22.4 ÷ 2 = 403.2. மொத்தம் 1621.2 சதுர மீட்டர், பட்டாக் கணக்கில் 16.21 ஏர், பேச்சு வழக்கில் 40 சென்ட். ஃபீல்டு கால்குலேட்டரில் ஏரியா ஃபங்ஷனை ஜியோமெட்ரிக்குக் கொடுத்தால் இதே எண் வர வேண்டும். டாலர் குறி போட்ட ஏரியாவைக் கேட்டால் ஈரோட்டுப் பக்கம் ஏறக்குறைய 1619 என்று வரும். பயப்பட வேண்டாம். ஜோனின் ஓரத்துக்குப் போகப் போக யூடிஎம் நிலத்தைச் சற்றுப் பெரிதாகக் காட்டும், ஈரோட்டில் 100 மீட்டருக்கு 7 சென்டிமீட்டர். இந்த இரண்டாவது கணக்கு அதைக் கழித்துவிட்டுச் சொல்கிறது. கோவையில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய அரை சதுர மீட்டர்தான்.

கோணம் அடிக்கும்போது

பேனலில் ஆங்கில் பெட்டி திசைகாட்டி மாதிரி வடக்கிலிருந்து தொடங்குவதில்லை. கிழக்கு 0, அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிராக ஏறும். திசைகாட்டியில் 30 டிகிரி என்றால் இங்கே 90-லிருந்து 30-ஐக் கழித்து 60. பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள முக்கோணக் குறியை அழுத்தினால் முந்தைய துண்டை வைத்துக் கோணம் பார்க்கும். அப்போது 0 என்றால் நேராகப் போவது, 90 என்றால் இடப்பக்கம் திரும்புவது.

பூட்டு ஒரு சொடுக்கலோடு தானாக விடுபடும். அதே அளவு தொடர்ந்து வேண்டுமென்றால் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள தொடர்பூட்டை அழுத்தலாம். அதை அணைக்க மறப்பதுதான், கர்சர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று திட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம். விசைகள் வேலையே செய்யவில்லை என்றால் கவனம் வேறு ஜன்னலில் இருக்கிறது. படத்தின் மேல் கர்சரைக் கொண்டுவந்து பாருங்கள். தவறான முனையை பேக்ஸ்பேஸ் எடுத்துவிடும், முழுதையும் அழித்துத் தொடங்க வேண்டியதில்லை.

வளையும் வாய்க்கால், இரட்டை வேலி

13ஆம் நூற்றாண்டில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்கால் பவானியிலிருந்து நொய்யல் வரைக்கும் பாம்பாக வளைந்து போகிறது. அதன் கரையில் உள்ள ஒவ்வொரு வயலுக்கும் வளைவை முனை முனையாகச் சொடுக்கிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். வாய்க்கால் கரையை ஒரே தடவை நன்றாக வரைந்து வைத்துவிட்டு, வயலை வரையும்போது ஸ்னாப்பிங் டூல்பாரில் ட்ரேஸிங்கை ஆன் செய்யுங்கள். ட்ரேஸ் என்பதன் ஆங்கில முதல் எழுத்துதான் குறுக்குவழி. கரை தொடங்கும் இடத்தில் ஒரு சொடுக்கல், முடியும் இடத்தில் ஒரு சொடுக்கல். நடுவில் உள்ள முனைகளையெல்லாம் அது நகலெடுக்கும்.

ட்ரேஸிங் வளைவை விட்டுவிட்டு நேர்கோடாகப் போனால், கரைக்கோடு எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள். இரண்டு துண்டுகள் ஒட்டாமல் கிடக்கும். பெரிதாக்கிப் பார்த்து வெர்டெக்ஸ் டூலால் ஒட்டுங்கள். கிளை வாய்க்கால் மெயின் வாய்க்காலில் சேரும் மடைக்கும் இதுவேதான்: டோபோலாஜிக்கல் எடிட்டிங் ஆன் ஆக இருக்க, செக்மென்ட்டில் ஒட்டி முடித்தால் மெயினிலும் முனை விழும். ஒட்டாமல் விட்டால் பிறகு நீர் எந்த வழியாகப் போகிறது என்று கேட்கும் கணக்கு எதுவும் ஓடாது.

இட்டேரியின் ஒரு வேலியை வரைந்துவிட்டால் எதிர் வேலிக்கு ட்ரேஸிங் பொத்தானின் மெனுவில் ஆஃப்செட் 4 என்று கொடுங்கள். நேர் எண் நீங்கள் போகும் திசைக்கு இடப்பக்கம், கழித்தல் குறி போட்டால் வலப்பக்கம். முடித்ததும் அதை 0-வுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தோட்டத்தின் பொழியும் 4 மீட்டர் தள்ளி விழும். இரண்டு வேலியும் ஒரே இணையாகப் போகாத இட்டேரிகளே அதிகம். வளைவுகளில் மட்டும் தரை அளவை வைத்துத் திருத்துங்கள்.

உட்பிரிவு

ஒரு புல எண்ணை இரண்டாகப் பிரிக்க வேண்டுமென்றால் இரண்டு புதுப் பாலிகன் வரையாதீர்கள். பிரிக்க வேண்டிய தோட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, ஸ்ப்ளிட் ஃபீச்சர்ஸ் எடுத்து, ஒரு கோட்டால் வெட்டுங்கள். பொதுக் கோடு ஒரே கோடாகவே பிறக்கும், கீற்றுக்கு இடமே இல்லை. தேர்ந்தெடுத்திருந்தால் வெட்டு அந்தத் தோட்டத்தை மட்டுமே தொடும். ஆகவே வெட்டுக்கோட்டை இருபக்கமும் பொழிக்கு ஒரு மீட்டர் வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். பொழியிலேயே மணற்கடிகாரத்தில் ஒட்டித் தொடங்கினால், மேலே சொன்ன தசமச் சுருக்கத்தால் கோடு மயிரிழை உள்ளே நின்று வெட்டாமல் போகக்கூடும். வடக்குப் பொழிக்கு இணையாக 30 மீட்டரில் வெட்ட வேண்டுமென்றால் பி, டி விசைகள் இங்கேயும் அப்படியே உதவும்.

அகலத்தைச் சரிபாதியாக்கினால் பரப்பும் சரிபாதியாகும் என்று எண்ண வேண்டாம், அது செவ்வகம் போல எதிரெதிர்ப் பக்கங்கள் இணையாக உள்ள வடிவத்தில்தான் நடக்கும். வெட்டியதும் இரண்டு பரப்பையும் பார்த்துவிட்டுப் பிறகு சேமியுங்கள். இது படக்கணக்கு மட்டும்தான். கல் நடுவதற்குச் சர்வேயர் அளந்ததே செல்லும்.

சேமிக்கும் முன்

லேயர் ப்ராப்பர்ட்டீஸில் டிஜிடைசிங் தாவலைத் திறந்து ரிமூவ் டூப்ளிகேட் நோட்ஸ், ஈஸ் வேலிட் இரண்டையும் ஆன் செய்யுங்கள். கீழே டோபாலஜி செக்ஸில் கேப், ஓவர்லேப், மிஸ்ஸிங் வெர்டெக்ஸ் மூன்றுக்கும் டிக் போடுங்கள். சேமிக்கப் போகும்போது பிழை இருந்தால் ஜியோமெட்ரி வேலிடேஷன் பேனலில் பட்டியலாகக் காட்டும். ஒன்றைச் சொடுக்கினால் படம் அந்த இடத்துக்கே போகும். ஜியோமெட்ரி ப்ரிசிஷன் பெட்டியில் 0.001 என்று கொடுத்தால் முனைகள் எல்லாம் மில்லிமீட்டர் கட்டத்தில் போய் நிற்கும். லேயரை உருவாக்கியதுமே கொடுங்கள், பாதி வரைந்த பிறகு மாற்றினால் பழைய முனையும் புதிய முனையும் வேறு வேறு கணக்கில் நிற்கும்.

கேப் பட்டியலில் வருவதெல்லாம் பிழை அல்ல. இட்டேரியும் வாய்க்கால் புறம்போக்கும் தோட்ட லேயரில் இல்லாததால், சுற்றி மூடிய இடங்களில் அவையும் கேப் என்றே வரும். அவற்றைத் திருத்த வேண்டியதில்லை. ஒரு சதுர மீட்டருக்கும் குறைவான, ஊசி மாதிரி நீண்ட கேப்களை மட்டும் திருத்துங்கள்.